சமத்துவத்துக்கு முந்தைய படம்

பெண்கள் கழிப்பறைக்கு ஒரு கதவு வேண்டும் என்று கேட்கப் போனவளுக்கு, சமத்துவமே தருகிறோம் என்று சொன்னார்கள். கதவைவிட அது பெரிய சாமானாகத் தெரிந்ததால் அவளால் உடனே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அவள் அந்த மலைப்பள்ளியின் ஜீப் ஓட்டுநர். மலைமக்களின் வீடுகள் சரிவெங்கும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு குடியிருப்பாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வந்து இறக்குவது அவள் வேலை. எல்லாரும் அவளை டிரைவரக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவரான தலைமையாசிரியரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கணவர் அதே பள்ளியில் சமையல்காரர்.

உண்மையில் அவர் ஓட்டுநர் வேலைக்கும் அவள் சமையல் வேலைக்கும்தான் சேர்ந்தார்கள். முதல் நாளே அவர் ஜீப்பைப் பின்பக்கமாக ஓட்டித் தலைமையாசிரியரின் வேலியைச் சாய்த்தார். அவள் சமைத்ததைப் பிள்ளைகள் மரியாதைக்காக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். மறுநாள் இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். வண்டி ஓடியது, சோறு வெந்தது, யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

இதைக் கேட்டுவிட்டு அந்த மலையில் ஆணும் பெண்ணும் சரிசமமாக வாழ்ந்தார்கள் என்று யாரும் கண்ணீர் மல்க வேண்டாம். பள்ளிக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். போன மழைக்காலத்தில் குழுக் கூட்டத்துக்கு மேஜை இல்லை என்று, பெண்கள் கழிப்பறைக் கதவைக் கழற்றி, நாலு கல்லின் மேல் வைத்தார்கள். ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். கதவு மேஜையாகவே தங்கிவிட்டது. கழிப்பறை வாசலில் ஒரு சாக்குத் தொங்கியது. காற்றடித்தால் அதுவும் இல்லை.

பெரிய பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பிறகு மத்தியானத்தோடு வீட்டுக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக நின்றேவிட்டார்கள். டிரைவரக்காவின் மகள் ஒன்பதாவது படித்தாள். கணக்கில் புலி. ஒருநாள் அவளும் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"முழுப் பரீட்சை முடிஞ்சதும் நானும் நின்னுக்கிறேம்மா. முடியல."

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். பயமாக இருந்தது. அவளும் ஏழாவதோடு நின்றவள்தான்.

குழுவிடம் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள், கதவின் மேல் கையூன்றியபடி. நகரத்திலிருந்த துறை அலுவலகத்துக்குப் போனாள். கட்டடப் பிரிவில் அது மலைமக்கள் பிரிவு என்றார்கள். மலைமக்கள் பிரிவில் அது பெண்கள் சமாச்சாரம் என்று முகம் சுளித்து, மாடியைக் காட்டினார்கள். மாடியில் இருந்தது சமத்துவப் பிரிவு.

சமத்துவ அதிகாரி நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார். அவர் பக்கத்தில் கோப்புகளை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். உதவி அதிகாரியாம். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"கதவுன்னு தனியா குடுக்க வழியில்லம்மா. ஆனா சமத்துவம் வந்துட்டா கதவு தானா வரும். திட்டத்துலயே இருக்கு," என்றார் அதிகாரி.

"சமத்துவம் எப்ப சார் வரும்?"

"ஆய்வுக்கு அடுத்த வாரம் வர்றோம். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பிடுங்க."

வண்டியை அவளே கொண்டுபோனாள். அதிகாரி முன்சீட்டில் ஏறிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உதவி அதிகாரி பின்னால் கோப்புகளோடு குலுங்கினாள். மலைப்பாதை நெடுகவும் அதிகாரி, மலைப்பெண்கள் ஏன் பயந்தவர்களாகவே வளர்கிறார்கள் என்று டிரைவரக்காவுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். வளைவு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பேச்சை நிறுத்தினார்.

பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது.

"ஏம்மா, நீ எதுக்கு வண்டி ஓட்டுற? டிரைவர் எங்க?"

"நான்தான் சார் டிரைவர்."

"உன் வீட்டுக்காரர்?"

"சமைச்சிக்கிட்டிருக்காரு சார்."

அதிகாரியின் முகம் விழுந்துவிட்டது. பள்ளிக்கு வந்ததும் யாரோடும் பேசாமல் நேராகச் சமையலறைக்குப் போய் எட்டிப் பார்த்தார். சமையல்காரர் தோளில் துண்டோடு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தவர்போல அதிகாரி தலைமையாசிரியரிடம் திரும்பினார்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"ரொம்ப வருஷமா சார்," என்றார் தலைமையாசிரியர். எதற்கும் இருக்கட்டும் என்று, "எனக்குத் தெரியாம நடந்திருக்கு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி கூட்ட அறையில் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. கோப்பையைக் கதவு மேல் வைத்தார்.

"பாருங்க, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. வருத்தம்தான். முன்னேற்றம் காட்டணும்னா முதல்ல பின்தங்கியிருக்கணும். அதுதான் முறை. நீங்க என்னடான்னா திட்டம் வர்றதுக்கு முன்னாடியே முன்னேறி உட்கார்ந்திருக்கீங்க. யாரைக் கேட்டு முன்னேறினீங்க?"

உண்மையிலேயே அவர்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை.

டிரைவரக்காவுக்குக் கதவு கைநழுவிப் போவது தெரிந்தது. "சார், நாங்க ஒண்ணும் அவ்வளவு முன்னேறிடல," என்று அவசரமாகச் சொன்னாள். "இந்தக் குழுவுல பேருக்குக்கூட ஒரு பொம்பளை கிடையாது. பிள்ளைங்க கழிப்பறைக் கதவைப் பிடுங்கி மேஜையாக்கி வெச்சிருக்காங்க. இப்ப நீங்க டீ வெச்சிருக்கீங்களே, இதுதான் சார் அது. பின்தங்கினதுக்கு இதை எடுத்துக்கங்க."

அதிகாரி கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி அங்கேயே வைத்தார்.

"அது நிர்வாகம்மா. தவிர இந்தக் குழுவுல நானும் கௌரவ உறுப்பினர். எனக்கு வேண்டியது படத்துல தெரியிற மாதிரி ஒரு அநியாயம்."

பிறகு விளக்கினார். ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு படம். ஒன்று 'முன்பு', இன்னொன்று 'பின்பு'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலிடம் நெகிழ வேண்டும். நெகிழ்ந்தால் கதவு. ஆகவே படக்காரர் வரும்வரை டிரைவரக்கா சமைக்க வேண்டும், அவள் கணவர் வண்டி ஓட்ட வேண்டும். ஒரு நாள் நடிப்பு போதாது. அது முகத்தில் ஊறி வர வேண்டும்.

"என்னங்க சொல்றீங்க?" என்று, வாசலில் வந்து நின்ற கணவரைப் பார்த்தாள்.

"கதவு வந்துருமா?" என்றார் அவர்.

"நிச்சயம்," என்றார் அதிகாரி.

கணவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஜீப் சாவியைக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போகிறவர்கள்போல நின்றார்கள். அதிகாரிக்கு ரொம்ப திருப்தி.

அன்றைக்குக் கிளம்பும் நேரத்தில் உதவி அதிகாரி டிரைவரக்காவைத் தனியே கூப்பிட்டாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"அக்கா, இங்க எங்க போறது? காலைல வீட்டை விட்டு வந்தவ."

டிரைவரக்கா அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய், சாக்கு பறந்துகொண்டிருந்த வாசலில் தன் போர்வையை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எங்க ஆபீஸ்ல கதவு இருக்குக்கா. ஆனா உள்ள சமத்துவத் துண்டறிக்கையைக் கட்டுக் கட்டா அடுக்கிப் பூட்டி வெச்சிருக்காங்க. சாவி சார்கிட்ட."

"கேக்கக் கூடாதா?"

"கேட்டேன். அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்னாரு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. போர்வை குலுங்கியதால் சீக்கிரம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

மலையில் சமத்துவமின்மை முறைப்படி தொடங்கியது. சமையல்காரர் முதல் கியரை விட்டு மேலே போகவே இல்லை. பிள்ளைகள் ஜீப்பில் ஏறுவதை விட்டுவிட்டு, புத்தகப்பைகளை மட்டும் அதில் போட்டுவிட்டு நடந்தார்கள். அவர்கள் வந்து கை கால் கழுவி உட்கார்ந்த பிறகு பைகள் வந்து சேர்ந்தன. சமையலறையில் டிரைவரக்கா எஞ்சினைப் பார்ப்பதுபோல அண்டாவைப் பார்த்தாள். புகை வந்தால்தான் ஏதோ கோளாறு என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் அடிப்பிடித்திருக்கும். பிள்ளைகள் சமத்துவம் எப்போது வரும் என்று ஏக்கத்தோடு கேட்க ஆரம்பித்தார்கள்.

நடுவில் ஒரு பயிற்சியும் நடந்தது. 'பெண்ணே பேசு' என்று தலைப்பு. மேடையில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் தேநீர் கொடுத்தார்கள். அதிகாரி ஒன்றரை மணி நேரம், பெண்கள் பேசினால்தான் சமூகம் விழிக்கும் என்று பேசினார். முடிவில் யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். ஒரு பெண் எழுந்தாள். நேரமாகிவிட்டது என்று நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

படக்காரர் வந்த அன்று அதிகாரி ஒரு மூட்டையும் கொண்டுவந்தார். பிரித்தால் தழைப் பாவாடைகள், இறகுக் கிரீடங்கள், ஒரு ஈட்டி. நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்தவை.

"எதுக்கு சார் இது?" என்றார் தலைமையாசிரியர்.

"இவங்களைப் பார்த்தா மலைமக்கள் மாதிரியே இல்லையே. சட்டை, பேன்ட்டுன்னு நம்மள மாதிரியே இருக்காங்க. மேலிடத்துல எப்படி நம்புவாங்க?"

"இவங்க மலைமக்கள்தான் சார்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். படத்துக்குத் தெரியணுமே."

குழு உறுப்பினர்கள் மூன்று பேரை ஆதிக்கவாதிகளாக நாற்காலியில் உட்கார வைத்து, ஒட்டு மீசை ஒட்டினார்கள். சமையல்காரர் நடுவில் ஈட்டியோடு உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டு, பாத்திரம் தேய்த்தபடி பள்ளிக்கூடத்தை ஏக்கமாகப் பார்க்கச் சொன்னார்கள்.

"நான் படிச்சிக்கிட்டுதான சார் இருக்கேன்?" என்றாள் மகள்.

"அதைத்தான்மா கொஞ்சம் நிறுத்தச் சொல்றோம். படம் எடுத்து முடிக்கிற வரைக்கும்."

டிரைவரக்காவைத் தலைகுனிந்து அடுப்பூதச் சொன்னார்கள். அவள் ஊதினாள். ஓரக்கண்ணால் பார்த்தால், தழைப் பாவாடை கட்டிய மகள் கரிப்பாத்திரத்தோடு வகுப்பறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு வராவிட்டால் இன்னும் சில மாதத்தில் இது நிஜமாகவே நடக்கப்போகிற காட்சி. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. படக்காரர் அவளை மிகவும் பாராட்டினார்.

முடிந்த பிறகும் ஒரு குழு உறுப்பினர் நாற்காலியை விட்டு எழவில்லை. சும்மா இருக்கட்டும் என்றார். அவர் மனைவி வந்து மீசையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தார். டிரைவரக்கா வீட்டுக்கும் அந்த வேஷம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தது. கணவர் காலை நீட்டி உட்கார்ந்து, "ஏய், தண்ணி கொண்டா," என்றார்.

"படம் எடுத்து முடிச்சாச்சுங்க," என்றாள்.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு, அவளுக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்தார்.

மேலிடம் நெகிழ்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. 'பின்பு' விழாவுக்குத் துறை இயக்குநரே வருகிறார். கதவும் வருகிறது. கதவு ஏறிய லாரியால் கடைசிச் சரிவு ஏற முடியாது என்பதால், சாவி விழாவில்தான் கைமாற வேண்டியது என்றாலும், ஒத்திகை என்ற பெயரில் டிரைவரக்காவை ஜீப் எடுக்க அனுமதித்தார்கள்.

நிலையோடு கூடிய கதவு. ரோஸ் வண்ணம். உட்பக்கம் பளபளவென்று தாழ்ப்பாள். மகள் பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டிரைவரக்கா வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அந்தச் சரிவில் ஏறியதில்லை. வழியெல்லாம் தாயும் மகளும் தாழ்ப்பாளைப் பற்றியே பேசினார்கள்.

கதவை மேடையில் நிறுத்தி, 'சமத்துவ வாசல்' என்று எழுதிய பட்டை ஒட்டி, ரிப்பன் கட்டினார்கள். இயக்குநர் ரிப்பனை வெட்டி, கதவைத் திறந்து, அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்தார். கைதட்டினார்கள். படக்காரர் சரியாக விழவில்லை என்றதால் மறுபடி போய் வந்தார். பிறகு ஜீப் சாவியை டிரைவரக்கா கையில் வைத்து, அவள் தலைக்கு மேல் பார்த்தபடி சொன்னார்.

"அடுப்படியே கதின்னு கிடந்தவங்க இவங்க. நம்ம துறை இவங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்திருக்கு! நாங்க இல்லேன்னா இந்த மலையில பொம்பளைங்க என்ன ஆகியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

பெண்கள் யோசித்துப் பார்த்தார்கள்.

உரை அதற்கு மேல்தான் தொடங்கியது. அதிகாரி மேடையோரமாக வந்து டிரைவரக்காவின் காதில் சொன்னார். "கதவை அப்படியே லாரிக்கு இறக்கிடும்மா. சாயந்தரம் அடுத்த பள்ளியில விழா இருக்கு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"இது எங்களுக்கு இல்லையா சார்?"

"இது விழாக் கதவும்மா. எல்லாப் பள்ளிக்கும் இது ஒண்ணுதான். உங்க கதவுக்கு எழுதியிருக்கு. வரும்."

"எப்ப?"

"சீக்கிரம்மா. சமத்துவம் வந்துடுச்சில்ல, இனிமே என்ன?"

அழக்கூட நேரமில்லை என்று தோன்றியது. சரிங்க சார் என்றாள். கணவரும் மகளும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து கதவைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். இயக்குநர், பெண்ணின் பொறுமை என்ற பகுதிக்கு வந்திருந்தார். ஜீப் வாசலைத் தாண்டியது. கீழே லாரி நின்ற பக்கம் திரும்பாமல், பள்ளியைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நின்றது.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை, சுத்தியல், ஆணி எல்லாம் வண்டியிலேயே இருந்தன. நிலை கொஞ்சம் பெரிதாக இருந்தது. கணவர் சுவரில் ஓரத்தைக் கொத்தினார். பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள், அவள் ஆணி அடித்தாள். சுத்தியல் சத்தம் மேடைக்குக் கேட்டிருக்கும். ஒவ்வொரு தடவை கேட்டபோதும் இயக்குநர் அதைக் கைதட்டல் என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். உரை முடியும் முன்பே கதவு நின்றுவிட்டது. மகள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வெளியே கேட்டது.

லாரிக்காரர் கீழேயிருந்து ஆள் அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதிகாரி ஓடிவந்தார். பின்னாலேயே இயக்குநர், படக்காரர், தலைமையாசிரியர், பள்ளிக் குழு.

"என்ன வேலை பண்ணிவெச்சிருக்க! கழட்டு அதை!" என்றார் அதிகாரி.

"உள்ள ஆள் இருக்கு சார்," என்றாள் டிரைவரக்கா.

அதிகாரி கையைக் கீழே போட்டார். ஒட்டுமொத்தக் கூட்டமும் மரியாதையாக இரண்டடி பின்வாங்கியது. இயக்குநர் தொண்டையைச் செருமி, "யாராவது போய்ச் சொல்லுங்க," என்றார். அதிகாரி உதவி அதிகாரியைப் பார்த்தார். அவள் போய், கதவருகே குனிந்து, ரகசியமாகப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நேரமாகுமாம் சார்."

நின்றார்கள். மகள் வெளியே வந்தாள். கதவு மூடுவதற்குள் அடுத்த பெண் உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் பள்ளியின் எல்லாப் பெண்களும் சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தார்கள். படிப்பை நிறுத்திவிட்டு, விழா பார்க்க மட்டும் வந்திருந்த பெரிய பெண்களும் வரிசையில் சேர்ந்தார்கள். அவர்கள் அம்மாக்கள் சேர்ந்தார்கள். நாற்காலியை விடாத குழு உறுப்பினரின் மனைவியும் வந்து நின்றாள்.

"இதெல்லாம் அடாவடி!" என்றார் இயக்குநர்.

டிரைவரக்கா சுத்தியலைக் கீழே வைக்காமல் சொன்னாள். "நீங்கதான் சார் இப்பத் திறந்து வெச்சீங்க. பொம்பளைப் பிள்ளை உள்ள இருக்கையில எப்படிக் கழட்டச் சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க. படக்காரரும் இருக்காரு."

இயக்குநர் படக்காரரைப் பார்த்தார். படக்காரர் வேறு யோசனையின்றிக் கேமராவைத் தூக்கினார். இயக்குநரின் முகம் தானாகவே புன்னகைத்தது. பல வருடப் பழக்கம்.

வரிசை ஊர்ந்தது. உள்ளே போனவர்கள் நிதானமாக இருந்தார்கள். ஒருத்தி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. அதிகாரி உதவி அதிகாரியைத் தேடினார். அவள் கோப்புகளைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றிருந்தாள்.

"நீங்களுமா?"

"காலைலேருந்து சார்."

கடைசியில் அதிகாரி போனை எடுத்தார். சாயந்தர விழாவுக்கு வேறு கதவு வேண்டும், எந்தக் கடையிலாவது உடனே வாங்குங்கள், நிறம் முக்கியமில்லை என்றார். போனை வைப்பதற்குள் வாங்கிவிட்டார்கள்.

டிரைவரக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் ஓடிய ஓட்டமெல்லாம் கண்முன்னே வந்துபோனது. பிறகு வரிசையில் நின்ற உதவி அதிகாரியிடம் போய் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட சொல்லிடு தாயி. ரிப்பன் வெட்டினதும் தூக்கிட்டுப் போய் மாட்டி, உள்ள போய்த் தாழ் போட்டுக்கச் சொல்லு."

உதவி அதிகாரி தலையாட்டினாள்.

இயக்குநரை இறக்கிவிட டிரைவரக்காதான் போகவேண்டியிருந்தது. கிளம்பும்போது மகள் ஜன்னலோரம் வந்து நின்றாள். உள்ளே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நாளைக்கு வண்டியைச் சீக்கிரம் எடும்மா," என்றாள். "கதவைக் கழட்ட இவங்க ஆளு அனுப்புறதுக்கு முன்னாடி நான் உள்ள போயிடணும்."